ஜல்லி சேகர் வழி விட்ட வாரம்

சென்னையில் எனக்கு முதலில் பழக்கமான முகம், இறந்துபோன ஒருவருடையது.

விமான நிலையத்திலிருந்து வந்த கால் டாக்சி அடையாறு சிக்னலில் நின்றபோது ஒரு மதில் சுவரில் அவரைப் பார்த்தேன். முறுக்கு மீசை, கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, துயரப்படுகிறவர்களின் பெயர்கள் தபால்தலை அளவுப் படங்களுடன். பாலம் தாண்டியதும் மறுபடி அவர். மந்தைவெளி நெருங்க நெருங்க மின்பெட்டி, கம்பம், மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்பு என்று எங்கும் அவரே.

"தெரிஞ்சவரா மேடம்? அப்டிப் பாக்குறீங்களே" என்றார் ஓட்டுநர்.

"இல்லை. யார் இவர்?"

"ஜல்லி சேகரு. மந்தவெளில மணலு, ஜல்லி, செங்கல்லு யாவாரம். நல்ல மன்ஷன். ஏரியாவுல கல்யாணம்னா மொத ஆளா வந்து நிப்பாரு. இன்னா ஒண்ணு, ரோட்டதான் கொஞ்சம் சுருக்கி வெச்சிட்டாரு." சிரித்துவிட்டார். செத்தவரைப் பற்றிச் சிரித்ததற்காக உடனே ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க சிங்கப்பூரா?"

"மலேசியா. ஈப்போ."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம். நடுவுல ஒரு பாலந்தான கீதாம்."

நான் ஓட்டுநரிடம் சொன்னது பொய். அந்த முகம் எனக்குத் தெரியும். அதனால்தான் வந்திருந்தேன்.

ஈப்போவில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் ஷாமினி அழைத்தாள். சென்னையில் மேற்படிப்புப் படிக்கிறாள். "ம்மா, பயப்படாதீங்க. கீழ கொஞ்ச பேர் வந்து சத்தம் போடுறாங்க. போலீசுக்குப் போவோம்ங்கிறாங்க. ஸ்டெல்லா டீச்சர் பேசிக்கிட்டிருக்காங்க" என்றாள். பயப்படாதீங்க என்று தொடங்கும் அழைப்பைவிடப் பயம் தருவது எனக்கு வேறு எதுவும் இல்லை. அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், "வெளிநாட்டுலேர்ந்து வந்து எங்கப்பன கிண்டல் பண்ணுவியா நீ?" என்று கத்தியது. அன்றே விமானச் சீட்டு எடுத்தேன்.

நடந்தது இதுதான். ஷாமினி தன் படிப்பின் பகுதியாக, ஒரு அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். தாளில் அல்ல, தெருவில். போனில் ஒரு செயலி இருக்கிறது. தெருவில் ஓர் இடத்தில் நின்று, அங்கே என்ன குறை, யாருக்குக் கஷ்டம் என்று எழுதிவிட்டால், பிறகு அந்த இடத்துக்கு நேராகப் போனைப் பிடிக்கிற யாருக்கும் அந்த எழுத்தும், குறையைச் சுட்டும் ஓர் அம்புக்குறியும் காற்றில் நிற்பதுபோலத் தெரியும். பிள்ளைகள் அதற்குக் 'காத்தெழுத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெறும் சுவரைச் செயலிக்கு அடையாளம் தெரியாது. ஏதாவது படம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். சேகரின் கடைக்கு வெளியே நடைபாதையை அடைத்துக் கிடந்த மணலைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியபோது, பின்னால் சுவரில் இருந்த பளிச்சென்ற படம் புதிதாக ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டி. "அதப் புடிச்சுக்கலாம்" என்று ஷாமினியே சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் சாவுச் செய்தி பத்திரிகையில் வரும், சுவரில் வராது. ஒரே முகம் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒட்டப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலைக்குள், ஊரில் எந்தச் சுவரில் சேகரைக் காட்டினாலும் அவர் மார்பை நோக்கி ஓர் அம்புக்குறியும், "இதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்வியும் வந்து நின்றன.

ஷாமினி இரவோடு இரவாக மற்ற சுவர்களிலிருந்து அதை விலக்கிவிட்டாள். ஆனால் யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். 'ஜல்லி சேகரு செத்தும் வழி வுடல' என்ற வரியோடு அது பகுதி முழுக்கச் சுற்றியது. எனக்கும் அந்தப் படம்தான் வந்திருந்தது. முகம், அம்பு, கடைசி வரி. மேலே எழுதியிருந்தது வெட்டுப்பட்டிருந்தது.

ஷாமினி குடியிருப்பது ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடியில். டீச்சர் ஓய்வு பெற்றவர். பல தலைமுறையாக சாந்தோம் கோவில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். என் பெட்டியை அவரே தூக்கிப் படி ஏறினார். "மொதல்ல சாப்புடுங்க. சண்டை எங்கயும் போயிடாது" என்று மாங்காய் போட்ட வஞ்சிரக் குழம்பை ஊற்றினார். எங்கள் ஊரில் மீன் கறிக்கு வெண்டைக்காய் போடுவோம். இந்த மாங்காயின் புளிப்பில், அழ வேண்டும் என்று வைத்திருந்த அழுகை கொஞ்சம் தள்ளிப்போனது.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே மகளிடம் கேட்டேன். "அழிச்சிடேன்லா. ஒரு பட்டன்தானே?"

"எழுதினவங்களால அழிக்க முடியாதும்மா. குறை தீர்ந்து, அந்த ஏரியாக்காரங்க மூணு பேர் நேர்ல வந்து 'தீர்ந்தது'ன்னு போன்ல சொன்னாத்தான் போகும். பிள்ளைங்க போட்ட சட்டம்."

"உன்கிட்ட சாவி இருக்கும்ல?"

"இருக்கு. இல்லேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அப்ப எழுதினது யாருன்னு சொல்லிடு. அவங்க கேக்கிறதும் அதானே?"

"சொன்னா அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்."

"உன்னை நாட்டை விட்டு அனுப்பிட்டா?"

ஒரு வாய்ச் சோற்றை மிக மெதுவாக மென்றாள்.

என் அப்பா பல வருடம் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர். குடிமகனுக்கான நீல அட்டை கைக்கு வரும் வரை, பக்கத்து வீட்டு நாய் கடித்தால்கூடப் புகார் செய்ய மாட்டார். அட்டை வந்த பிறகும் செய்யவில்லை, பழகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு நாட்டில் இருக்கலாம் என்பது எங்கள் வீட்டுப் பாடம். நான் அதில் முதல் மாணவி. என் மகள் எங்களுக்கு உரிமையே இல்லாத ஒரு ஊரில், இறந்தவர் நெஞ்சில் அம்பு விட்டு, யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்தது அவளைக் கூட்டிக்கொண்டு போக.

மறுநாளே சேகர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றேன். "செவ்வாக்கெழமை துக்கம் விசாரிக்கப் போனா உள்ள வுடவே மாட்டாங்க. புதன் போலாம்" என்றார் டீச்சர். "எங்களுக்கு அதெல்லாம் இல்ல. ஆனா நாம போறது அவங்க வீட்டுக்கு."

மன்னிப்புக் கேட்கப் போக என்னிடம் உடுப்பும் இல்லை. அவசரத்தில் அலுவலகக் காற்சட்டைகளையும், தீபாவளிக்கு எடுத்த ஒரு சிவப்புச் சேலையையும் திணித்துக்கொண்டு வந்திருந்தேன். செவ்வாய் காலை டீச்சர் என்னை தி. நகருக்கு அழைத்துப்போனார். ஆட்டோவில் வழிகாட்டிய குரல் இடது பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் மெட்ரோ பள்ளம் இருந்தது. வலது பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் அதே பள்ளத்தின் மறுகரை இருந்தது. ஓட்டுநர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சர்பத் கடைக்காரரிடம் வழி கேட்டார். "நேத்து வரிக்கும் இப்டிதாம்பா. இன்னிக்கு அப்டிக்கா போ" என்று அவர் காட்டிய வழியில்தான் போய்ச் சேர்ந்தோம்.

துணிக்கடையில் புதிதாக ஒரு கண்ணாடி. முன்னால் நின்று சேலையைத் தேர்ந்தெடுத்தால், கட்டியதுபோலவே காட்டும், மடிப்பு உட்பட. அதைக் கவனித்துக்கொண்டது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "யக்கா, அசையாம நில்லுங்க. கையத் தூக்குனா சேல ஓடிரும்" என்றாள். நான் சாம்பல் நிறச் சேலை ஒன்றைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஒருவர் குறுக்கே நடந்தார். கண்ணாடி என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. காக்கிச் சட்டை மறைந்து, சாம்பல் நிறச் சேலையில், நேர்த்தியான முந்தானையோடு அவர் கண்ணாடிக்குள் நடந்து போனார்.

"எண்ணே, ஒமக்கு எடுப்பா இருக்கு!" என்று அந்தப் பெண் கத்த, "எங்கூட்டுக்காரிக்குப் பில்லு போட்டு வைம்மா" என்றார் அவர், நடையை நிறுத்தாமலே.

ஊர் கிளம்பியதிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று தோன்றியது. இந்த இயந்திரங்கள் எல்லாம் இப்படித்தான். ஆளைப் பிடிக்கத் தெரிகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. சேகருக்கு நேர்ந்ததும் இதேதான். அந்தக் காவலாளிக்குச் சேலை, சேகருக்கு அம்பு.

அன்று மாலை, பள்ளி விட்டதும் ஷாமினியின் வகுப்பு. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து நீலச் சீருடைப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் ரோஸ் மில்க் குடித்தபடி ஓரமாக நின்றேன். ஒரு பெண் சொன்னாள்: "கிளாஸ்ல சுற்றுப்புறத் தூய்மைன்னு கட்டுரை எழுதச் சொன்னா, நாடு நகரம்னு என்னான்னாவோ எழுதுவோம் ஆன்ட்டி. இங்க நின்னு எழுதச் சொன்னா, 'இங்க சாக்கட மூடி இல்ல'ன்னுதான் எழுத வருது. மேல ஒண்ணும் வரவே மாட்டேங்குது."

எழுதியதை அங்கே நின்றே வழியில் போகிற ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் பதில் சொன்னால் அதையும் கீழே சேர்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரு வீட்டின் ஏ.சி.யிலிருந்து நடைபாதையில் நீர் சொட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாவே வெளியே வந்துவிட்டார்.

"என்னடி, ஆத்து வாசல்ல நின்னுண்டு போன நீட்டிண்டிருக்கேள்?"

பிள்ளைகள் பயந்துகொண்டே படித்தார்கள். அவர் முழுக்கக் கேட்டார். "அது சுத்தமான ஜலம்டி. ஏரோப்ளேன்ல போறவா குடிக்கறதவிட சுத்தம். வேணும்னா அதையும் எழுதிக்கோ."

ஒருத்தி உண்மையாகவே எழுதினாள்: 'வீட்டுக்காரர் பதில்: சுத்தமான தண்ணீர்.' இன்னொருத்தி, "மாமி, சுத்தந்தான், ஆனா வழுக்குதே" என்றாள். அவர் குனிந்து பாசியைப் பார்த்தார். "கர்மம்" என்று உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து சொட்டுக்குக் கீழே வைத்தார். பிள்ளைகள் தங்கள் சட்டத்தைச் சொன்னார்கள். "மூணு பேர் வந்து தீர்ந்துடுத்துன்னு சொல்லணுமாக்கும்? ஆத்துக்காரரையும் கூப்பிடறேன், அவரும் ஒரு ஆள்தானே."

எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதைக் காட்டிக்கொள்ளவில்லை. நான் கூட்டிப்போக வந்தவள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபோது, ஒல்லியான ஒரு பெண் மட்டும் ஷாமினியிடம் ஒதுங்கி நின்றாள். நான் இருப்பதைக் கவனிக்கவில்லை. "மிஸ், நான் போய் நான்தான்னு சொல்லிட்டுமா? உங்கள ஊருக்கு அனுப்பிடுவாங்களாமே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல ரேவதி. நீ வீட்டுக்குப் போ."

தெருமுனையில் அவளுடைய அம்மா காத்திருந்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் சிறுத்து, இருக்கையில் மடிந்து கிடந்தன. லஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலையாம். ரேவதி பின்னால் போய் வண்டியைப் பிடித்துத் தள்ளினாள். "ஏய், கம்முனு வா. பெரிய லாரின்னு நெனப்பா?" என்று அம்மா திட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே பேருந்துகளுக்கு நடுவே போனார்கள்.

இப்போது எனக்குப் பெயரும் தெரிந்துவிட்டது. அன்று படுக்கும்போது, மறுநாள் தேவைப்பட்டால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'சின்னப் பிள்ளை, விளையாட்டாக எழுதிவிட்டது' என்று தொடங்கும் வாக்கியம். என் பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எந்தத் தாய்க்கும் யோசிக்க நேரம் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை சாம்பல் நிறச் சேலையில் போனேன். கீழே கடை, மேலே வீடு. நடைபாதையில் மணல் மேடு அப்படியே கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் இறங்கித்தான் கடை வாசலை அடைய முடிந்தது. கடைச் சுவரில் சேகர் கறுப்புக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். ஷாமினி போனை எடுக்கவில்லை.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்ல மாட்டார்கள் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் சேகரின் மனைவி கஸ்தூரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மகன் பிரபு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போனில் கேட்ட அதே குரல்.

நான் கையெடுத்துக் கும்பிட்டு, அவமானப்படுத்தும் எண்ணம் இல்லை, இயந்திரத்தின் தவறு, ஊர்ப் பழக்கம் தெரியாத பிள்ளை என்று தொடங்கினேன். பிரபு பாதியில் நிறுத்தினான்.

"மன்னிப்பெல்லாம் அப்பால. இன்னும் செவுத்துல கீதா இல்லியா? காரியத்துக்குள்ள அத்த அழிக்கணும். எழுதுனது யாருன்னு சொல்லணும்."

"நான்தான் எழுதினேன்" என்றாள் ஷாமினி.

"உனக்கு இந்த ஊர்ல ஓட்டு கீதா?"

"இல்ல."

"வரி கட்றியா?"

"இல்ல."

"அப்பால எங்க ரோட்ட பத்தி நீ யாரு எழுத?"

ஷாமினி வாயைத் திறந்தாள். எழுதியவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, அவள் பிறந்ததே இந்தத் தெருவில் என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று அவளுக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பாடத்தை என் மகள் கடைப்பிடித்து அன்றுதான் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கஸ்தூரியம்மா முதல் முறையாகப் பேசினார். "அப்டி இன்னாதான் எழுதிக்குது? ஊரே சிரிக்குதுன்றீங்க, எனுக்கு ஒருத்தனும் காட்டல."

"உனுக்கு எதுக்கும்மா அது?"

"என் புருசன் மேல எழுதிக்கீறாங்க. நான் பாக்கக் கூடாதா?"

ஷாமினி தயங்கித் தயங்கிப் போனில் முழுப் பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தாள். கஸ்தூரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். நானும் அப்போதுதான் முழுக்கக் கேட்டேன்.

"இங்கே மணலும் ஜல்லியும் கொட்டி நடைபாதையை அடைத்துவிட்டார்கள். எங்கம்மா ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். பின்னால் பஸ் வரும். எங்கம்மாவால் சட்டென்று ஒதுங்க முடியாது. பஸ்காரர் திட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டே போவார். இதற்கு யார் பொறுப்பு?"

படித்து முடித்ததும் கஸ்தூரியம்மா கண்ணாடிக்கு மேலாக ஷாமினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் கால்களை.

"இவங்கதான உங்கம்மா?"

"ஆமா" என்றாள் ஷாமினி, குரல் இறங்கி.

"படியேறி நல்லாத்தான வந்தாங்க."

பிரபு சட்டென்று பிடித்துக்கொண்டான். "அப்ப எழுதுனது இவ இல்ல! அதான பாத்தேன். யாரு அது? சொல்லு!"

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சின்னப் பிள்ளை, விளையாட்டாக. ஆனால் இப்போதுதான் படித்துக் கேட்டிருந்தேன். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை.

"எனக்குத்தான்" என்றேன். "முட்டி. ரெண்டு வருஷமா. பார்த்தாத் தெரியாது. பஸ் வந்தா ஒதுங்க முடியாது." குனிந்து முழங்காலைத் தேய்த்தேன். தேய்க்கும்போதே, எந்தக் கால் என்று முடிவு செய்யாமலே தொடங்கிவிட்டோம் என்று புரிந்தது. இடது கால் கைக்கு அகப்பட்டது. ஷாமினி என்னை, வேறு யாரோ ஒரு பெண்மணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீங்க வந்ததே முந்தாநேத்துன்னாங்க. இத்த எழுதி ஒரு வாரம் ஆவுது!"

"முன்னாடியும் வந்திருக்கேன்."

"எப்ப?"

"டேய்" என்றார் கஸ்தூரியம்மா. "சாவு ஊட்ல குந்திக்கினு இன்னாடா பாஸ்போட்டா செக் பண்ற? முட்டின்றாங்க இல்ல? போ, ஆளுங்கள வுட்டு மணல யார்டுக்குள்ள தள்ளச் சொல்லு. காரியத்துக்கு நாலு சனம் வர்ற வழி. உங்கப்பனாண்ட முப்பது வருசமா சொல்லிச் சொல்லி என் வாய்தான் நோவுது. அவுரு கேக்கல, நீயாவது கேளு."

பிரபு ஏதோ சொல்ல வந்து, படத்தைப் பார்த்து, இறங்கிப் போனான்.

டீச்சரும் ஷாமினியும் படியிறங்கத் தொடங்கினார்கள். நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடைசியாக, காலை இழுத்து இழுத்து இறங்கினேன். கஸ்தூரியம்மா பின்னாலேயே வந்து, என் காதோரம் கேட்டார். "ஜெராக்ஸ் கடைக்காரி பொண்ணுதான?"

நான் அடுத்த படியில் காலை இன்னும் இழுத்து வைத்தேன்.

"நல்லா எழுதிக்குது. அம்மா சிரிச்சிக்கினே போவாங்கன்னு எழுதிச்சு பாரு, அங்கதான் எனுக்குப் பேஜாராப் பூட்ச்சு." மூக்கை உறிஞ்சினார். "நீ முட்டிய மறந்துறாத. என் புள்ள கடையிலயேதான் இருப்பான்."

அன்று தெருமுனை வரை நொண்டினேன். வீட்டுக்குள் வந்ததும் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொய் சொல்றதுக்குன்னு கோவில்ல ஒரு மன்னிப்பு இருக்கு. நான் உங்க சார்பா கேட்டுக்குறேன்." ஷாமினி சிரிக்கவில்லை. வந்து என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு படுத்தாள். இடது முழங்கால்.

வியாழக்கிழமை ஆட்கள் மணலை வாரி உள்ளே தள்ளினார்கள். அடியில் நடைபாதைக் கற்கள் ஈரமாக, வெளிச்சம் பார்க்காத நிறத்தில் கிடந்தன. மாலையில் 'தீர்ந்தது' சொல்ல மூன்று பேர் தேவை. டீச்சர் ஒருவர். எதிர்ப்புற டீக்கடைக்காரர் இரண்டாமவர். "போலீஸ் கேசாவாதே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அவர் விரலை வைத்தார். மூன்றாவது யார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரியம்மா கடைப் படியில் வந்து நின்றார். வெளியே இறங்கவில்லை. படியில் நின்றபடியே சுவருக்குப் போனைப் பிடித்தார். அவர் கணவரின் முகத்தருகே அந்தக் கேள்வி நின்றது.

"இத்த அமுக்குனா அவரும் பூடுவாரா?"

"இல்லம்மா. எழுத்து மட்டும்தான்" என்றாள் ஷாமினி.

"இதுக்குப் பதிலு எழுதலாமா?"

"எழுதலாம். யார் பொறுப்புன்னு கேட்டிருக்கு. அதுக்கு."

கஸ்தூரியம்மா யோசித்தார். பிரபு கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்கதான்னு போடு" என்றார். ஷாமினி எழுதிக் காட்டினாள். கஸ்தூரியம்மா அமுக்கினார். அம்பு போனது, கேள்வி போனது. முறுக்கு மீசையும் இரண்டு பேனாவும் மட்டும் இருந்தன. அவர் போனை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வா என்று மகளிடம் சொல்லத்தான் வந்தேன். சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலில் யாராவது உரக்கப் பேசினால் இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பற்றி எழுதிய சில வரிகள் ஒரு தெருவின் மணலை நகர்த்தியதைப் பார்த்துவிட்ட பிறகு, என் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க எனக்குக் கை வரவில்லை.

கிளம்பும் நாள் காலை, பால் வாங்க நானே போனேன். நடைபாதை முழுசாக இருந்தது. எதிரே ரேவதியின் அம்மா கையால் சக்கரத்தைச் சுற்றியபடி வந்தார். ரோட்டில் அல்ல, மேலே, கற்களின் மீது. என்னைத் தாண்டும்போது, தெரியாத ஆளுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார். உண்மையாகவே நான் அவருக்குத் தெரியாத ஆள்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் கடையை நெருங்கிவிட்டதையே கவனிக்கவில்லை. பிரபு மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமாக நொண்டத் தொடங்கினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். நாற்காலி ஒன்றை எடுத்துக் கடை வாசலில் போட்டு, "உக்காந்துட்டுப் போங்க ஆன்ட்டி" என்றான்.

வேண்டாம்பா என்று தலையசைத்துவிட்டு இன்னும் நன்றாக நொண்டினேன்.

மாடி ஜன்னலிலிருந்து கஸ்தூரியம்மாவின் குரல் வந்தது, தெருவுக்கே கேட்கும்படி.

"யம்மா மலேசியா! அன்னிக்கு அது எடது காலு!"